மேசைக் கணினியின் குளிர்விப்பு விசிறி: ஒரு வரலாறு

மேசைக் கணினியின் பெட்டிக்குள் சுழலும் சிறிய விசிறிகள், உள்ளே உண்டாகும் வெப்பத்தைக் காற்றின் வழியாக வெளியேற்றுகின்றன. பொதுவாக மின்வழங்கியில் ஒன்று, செயலியின் மேல் ஒன்று, பெட்டியின் பின்புறம் ஒன்று என மூன்று விசிறிகள் இருக்கும். வரைகலை அட்டை பொருத்திய கணினியில் இன்னும் இரண்டு மூன்று கூடும். நம் பக்கத்தில் பெட்டி முழுவதையும் 'சி.பி.யூ.' என்றும், மின்வழங்கியை 'எஸ்.எம்.பி.எஸ்.' என்றும் அழைப்பது வழக்கம். உண்மையில் சி.பி.யூ. என்பது அந்தப் பெட்டிக்குள், விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் அடியில் மறைந்திருக்கும் ஒரு சிறு சில்லு மட்டுமே.

தொடக்ககாலத் தனியாள் கணினிகளில் இந்த விசிறிக்கு இரண்டே நிலைகள்தாம். கணினி இயங்கினால் அது முழு வேகத்தில் ஓடும். கணினியை அணைத்தால் நிற்கும். இன்றைய கணினியோ தன் வெப்பத்தைத் தானே அளந்து, விசிறியை மெதுவாக்குகிறது, விரைவாக்குகிறது, சில வேளைகளில் முற்றிலும் நிறுத்திவிடுகிறது. இந்த மாற்றம் நிகழ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அதைத் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் 20, 25 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள அறைகளில் அமர்ந்திருந்தவர்கள். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்திலோ நாமக்கல், சேலம் சமவெளியின் மற்ற ஊர்களிலோ சித்திரை, வைகாசியில் வெளியே 38 முதல் 40 டிகிரி வரை செல்வது இயல்பு. ஓட்டுக்கூரைக் கட்டடத்தின் உள்ளே நிலைமை அதைவிடப் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே 'விசிறியை எப்போது நிறுத்தலாம்' என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. இக்கட்டுரை அந்த வரலாற்றை இங்கிருந்து பார்க்கிறது.

வெப்பக் கணக்கு

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. சூடான பொருளைச் சுற்றியுள்ள காற்றை நகர்த்தி, அதைவிடக் குறைந்த வெப்பமுள்ள காற்றை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறது. நாம் மின்விசிறியின் கீழ் அமரும்போது குளிர்வதாக உணர்வது, வியர்வை ஆவியாவதால். கணினிக்கு வியர்க்காது. எனவே எத்தனை விசிறி வைத்தாலும் செயலியின் வெப்பம் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது.

செயலி எவ்வளவு சூடாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. செயலி உண்ணும் மின்திறனை, அதன் மேலுள்ள வெப்ப உறிஞ்சியின் வெப்பத்தடையால் பெருக்க வேண்டும். கிடைக்கும் விடையை அதைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தோடு கூட்ட வேண்டும். 65 வாட் செயலி, வாட்டுக்கு அரை டிகிரி வெப்பத்தடை என்று வைத்துக்கொண்டால் உயர்வு 32.5 டிகிரி. அறை 22 டிகிரியாக இருந்தால் செயலி 54.5 டிகிரியில் நிற்கும். அறை 38 டிகிரியாக இருந்தால் 70.5. பெட்டிக்குள் இருக்கும் காற்று அறைக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அதையும் சேர்த்தால் 75-ஐத் தாண்டும். அதே கணினி, அதே விசிறி, அதே வேலை. ஊர் மட்டும் வேறு.

விசிறியின் வேகத்தைக் குறைப்பதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பதற்கும் கணக்கில் விடை இருக்கிறது. விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஆனால் அது உண்ணும் மின்திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது. மின்செலவோ எட்டில் ஒரு பங்காகிறது. ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் இறங்குகிறது. அரை அளவு காற்றே போதும் என்ற நேரங்களில் முழு வேகத்தில் ஓட்டுவது வீண் என்பது இதனால் விளங்கும்.

குளிரறையின் காலம்

கணினிக்கும் காற்றுக்கும் உள்ள உறவு வெற்றிடக் குழாய்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது உண்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். பெரிய ஊதிகள் வைத்துக் காற்றைச் செலுத்தினார்கள். வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அதில் இருந்தன. அதாவது, தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியே நின்றுவிடும் ஏற்பாடு முதலில் வந்தது. விசிறியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பிறகே வந்தது.

இந்தியாவில் முதல் மின்னணுக் கணினி, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955-56-இல் இங்கிலாந்திலிருந்து வந்த எச்இசி-2எம். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக். அது 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அதில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சென்னை ஐஐடிக்கு 1973-இல் ஐபிஎம் 370/155 வந்தபோது, அதற்கென்றே குளிரூட்டிய பெரிய கூடம் தேவைப்பட்டது. அந்நாளில் கணினியை மட்டும் குளிர்விப்பது என்ற பேச்சே இல்லை. கணினி இருக்கும் அறை முழுவதையும் குளிர்விப்பார்கள். மனிதன் கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போவான்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கணினி அறைக்குள் நுழையும் வழக்கம் அந்தக் குளிரறைகளிலிருந்து வந்தது. அது பின்னாளில், குளிரூட்டி இல்லாத பள்ளிக் கணினி அறைகளிலும் அப்படியே நிலைத்துவிட்டது. குளிரூட்டி வராமல் விதிமுறை மட்டும் வந்து சேர்ந்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனாலும் தூசைக் குறைக்கும் அளவில் அது நல்ல வழக்கமே.

குளிரறை இல்லாமலும் மின்னணுக் கருவி இயங்க முடியும் என்று நம் நாட்டில் பெரிய அளவில் காட்டியது கணினித் துறையன்று, தொலைபேசித் துறை. 1984-இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது ஊர்ப்புறங்களுக்கென 128 இணைப்புகள் கொண்ட சிறிய தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. வெளிநாட்டு மின்னணு நிலையங்களுக்குக் குளிரூட்டிய அறை கட்டாயம். ஒரு கிராமத்தில் குளிரூட்டி வைப்பதும், அதற்கு இடைவிடாத மின்சாரம் தருவதும் நடக்காத காரியம் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு, வெப்பத்தையும் தூசையும் தாங்கும்படி அந்த நிலையத்தைக் கட்டினார்கள். முதல் நிலையம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. பின்னர் அது நாடெங்கும் ஊர்ப்புறங்களில் பரவியது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் உருவாக்கிய கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பிலும் இதே எண்ணம் உண்டு. விசிறியை நிறுத்த வேண்டுமானால், முதலில் வெப்பத்தைக் குறைவாக உண்டாக்கும் கருவியைச் செய்ய வேண்டும் என்பதே அது.

விசிறி வேண்டாம் என்றவர்

தனியாள் கணினி வந்ததும் இக்கேள்வி வேறு காரணத்துக்காக எழுந்தது. ஒலி. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில் விசிறி கிடையாது. மேசைமேல் வைக்கும் பொருள் இரையக்கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்சின் பிடிவாதம். அதற்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர், பழைய வகையைவிட மிகக் குறைவாகச் சூடாகும் 'சுவிட்சிங்' வகை மின்வழங்கியை அதற்கு வடிவமைத்தார். இன்று நாம் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் முதல் இரண்டு எழுத்துகள் அந்தச் 'சுவிட்ச் மோட்' முறையைத்தான் குறிக்கின்றன. ஆக, அந்தப் பெட்டிக்குள்ளும் விசிறியைத் தவிர்க்கும் ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது.

அதே பிடிவாதம் 1980-இல் ஆப்பிள் III-இல் தோற்றது. இதிலும் விசிறி இல்லை; காற்றுத்துளைகளும் போதவில்லை; கனமான அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்று நம்பினார்கள். உள்ளே சில்லுகள் சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக இருந்து, தங்கள் பொருத்திகளிலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பிவிட்டன. கணினியின் முன்பக்கத்தை ஓரிரு அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லுகள் மீண்டும் உட்கார்ந்துவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை சொல்லும் நிலை வந்தது. 1984-இன் மெக்கின்டோசிலும் விசிறி இல்லை. 1987-இல் வந்த மெக்கின்டோசு எஸ்இ-யில்தான் விசிறி சேர்க்கப்பட்டது. 2000-இல் மீண்டும் ஒரு விசிறியற்ற கனசதுரக் கணினியை ஆப்பிள் வெளியிட்டு, மறு ஆண்டே நிறுத்திக்கொண்டது.

ஐபிஎம் நேரெதிர் வழியில் சென்றது. 1981 ஆகத்தில் வந்த ஐபிஎம் பிசியில் 63.5 வாட் மின்வழங்கியும் அதற்குள் ஒரு விசிறியும் இருந்தன. செயலியான இன்டெல் 8088-க்கு விசிறியும் இல்லை, வெப்ப உறிஞ்சியும் இல்லை. மின்வழங்கி விசிறி பெட்டிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அதிலேயே எல்லாம் ஆறிவிடும். அதைக் கட்டுப்படுத்த வழியும் இல்லை, தேவை என்று யாரும் நினைக்கவும் இல்லை. உலகம் பின்பற்றியது இந்த வழியைத்தான்.

செயலியின் தலைமேல் ஏறிய விசிறி

386 வரை செயலிகள் தலையில் எதுவும் இல்லாமல் இருந்தன. 1992-இல் வந்த 486டிஎக்ஸ்2 செயலிக்கு வெப்ப உறிஞ்சி வேண்டியதாயிற்று. 1993-இல் முதல் பென்டியம் சுமார் 15 வாட் உண்டது. இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் விரல்நுனி அளவுள்ள சிலிக்கான் துண்டில் 15 வாட் என்பது, சிறிய சால்டரிங் அயர்னின் நுனிக்குச் சமம். அதன்மேல் விசிறி ஏறியது.

அந்த விசிறிகளுக்கு இரண்டே கம்பிகள், சிவப்பும் கறுப்பும். மின்வழங்கியின் 12 வோல்ட் இணைப்பில் நேராகச் செருகிவிடுவார்கள். விசிறி ஓடுகிறதா, தூசு அடைத்து நின்றுவிட்டதா என்று கணினிக்குத் தெரியாது. நின்றுவிட்டால் திரை உறைந்து நிற்கும். மீண்டும் இயக்கினால் ஐந்து நிமிடம் ஓடும், மறுபடி உறையும். 'வைரஸ்' என்று சொல்லி விண்டோசை மறுபடி நிறுவிய கணினிகளில் எத்தனை, உண்மையில் விசிறி நின்றுபோனவை என்பதை யாரும் எண்ணியிருக்க முடியாது.

பிறகு மூன்றாவது கம்பி வந்தது. பெரும்பாலும் மஞ்சள் நிறம். விசிறி ஒருமுறை சுழன்றால் இக்கம்பியில் இரண்டு துடிப்புகள் வரும். அவற்றை எண்ணித் தாய்ப்பலகை விசிறியின் வேகத்தை அறிந்துகொள்ளும். இதைச் சாதாரண மாற்றமாக எண்ணிவிடக் கூடாது. தன்னைக் குளிர்விக்கும் பாகம் வேலை செய்கிறதா என்று மேசைக் கணினிக்குத் தெரிய வந்தது இதற்குப் பின்புதான். தெரிந்தால்தானே ஆணையிட முடியும். 1990-களின் பிற்பகுதியில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 போன்ற கண்காணிப்புச் சில்லுகள் தாய்ப்பலகைகளில் இடம்பெற்றன. அவை வெப்பம், மின்னழுத்தம், விசிறி வேகம் மூன்றையும் அளந்தன. அவற்றைப் படிக்க லினக்சில் எல்எம்-சென்சார்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் உருவானது. அதன் பெயரிலேயே அந்தச் சில்லு வரிசை இருக்கிறது. விண்டோசில் ஸ்பீடுஃபேன் என்ற மென்பொருள் புகழ் பெற்றது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. வெப்பத்தைத் தணிக்க அது இரு வழிகளை வகுத்தது. விசிறியை ஓட்டுவது 'செயல்' வழி. செயலியின் வேகத்தைக் குறைத்து வெப்பம் உண்டாவதையே குறைப்பது 'அமைதி' வழி. எது முதலில் என்பதை இயங்குதளம் முடிவுசெய்யலாம். முதல் வழியில் ஒலியும் மின்சாரமும் செலவு. இரண்டாவதில் நேரம் செலவு. விசிறியை நிறுத்துவது பற்றிய எல்லா விவாதமும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இன்றும் நடக்கிறது.

2001-இல் 'டாம்ஸ் ஹார்டுவேர்' தளம் ஒரு சோதனைக் காணொளியை வெளியிட்டது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்து வெப்ப உறிஞ்சியையும் விசிறியையும் எடுத்துவிட்டார்கள். ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்து அழிந்தது. பென்டியம் 4 சாகவில்லை. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தது. செயலிக்குள்ளேயே வெப்ப அளவியும் தடையும் இருந்ததால் இது முடிந்தது. அதன்பின் எல்லா நிறுவனங்களும் அத்தகைய காப்பைச் சில்லுக்குள் கொண்டுவந்தன. இன்று விசிறி நின்றாலும் செயலி எரிந்துபோவதில்லை என்றால், அதற்குக் காரணம் விசிறியன்று, சில்லுக்குள் இருக்கும் இந்தக் காவல்.

நான்காவது கம்பி

கைவினைஞர்கள் நிறுவனங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைதியான கணினியை விரும்பியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். விசிறியின் ஒரு கம்பியை 12 வோல்ட்டிலும் மறுகம்பியைத் தரைக்குப் பதிலாக 5 வோல்ட்டிலும் இணைத்தால், இடையில் மிஞ்சுவது 7 வோல்ட். விசிறி மெதுவாக ஓடும். திருகு வைத்த சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளும் விற்பனைக்கு வந்தன. ஆனால் மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விசிறி 5 வோல்ட்டிலும் ஓடும். நின்ற விசிறி அதே 5 வோல்ட்டில் புறப்படாமல் போகலாம். தள்ளிவிட்டால் ஓடும் பழைய ஸ்கூட்டரைப் போல.

2004-இல் வந்த 'பிரெஸ்காட்' வகை பென்டியம் 4 நூறு வாட்டைக் கடந்தது. மேசைக் கணினி மாவரைக்கும் இயந்திரம் போல இரையத் தொடங்கியது இக்காலத்தில்தான். இன்டெல் பெட்டியின் அமைப்பையே மாற்றி, காற்று நேராகப் பாயும் பிடிஎக்ஸ் என்ற வடிவத்தைக் கொண்டுவந்து பார்த்தது, அது நிலைக்கவில்லை. நிலைத்தது அதே காலத்தில் வந்த நான்கு கம்பி விசிறி. இதில் 12 வோல்ட் எப்போதும் முழுதாக இருக்கும். நான்காவது கம்பி வழியே நொடிக்குச் சுமார் 25,000 முறை 'ஓடு, நில்' என்ற துடிப்பு போகும். ஓடும் பங்கு கூடினால் வேகம் கூடும். 25,000 என்பதற்கும் காரணம் உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. அதற்கு மேலே வைத்தால் மோட்டாரின் ரீங்காரம் நமக்கு எட்டாது.

அந்த விதித்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. நான்காவது கம்பி அறுந்துவிட்டாலோ கழன்றுவிட்டாலோ விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். கட்டளை இல்லையென்றால் நிற்பதன்று, ஓடுவதே இயல்பு என்று வைத்தார்கள். பழைய விசிறியைப் போலவே பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது பொறுப்பேற்றுச் சொன்னால் மட்டுமே மெதுவாகும்.

நாமக்கல் பக்கத்தில் இதை விளக்க லாரியைக் காட்டலாம். முன்பு லாரியின் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டு, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஓடியது. பிறகு விஸ்கஸ் கிளட்ச் வைத்த விசிறி வந்தது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால், உள்ளேயுள்ள ஈருலோகப் பட்டை வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும்; விசிறி பிடித்துக்கொள்ளும். ஆறினால் விட்டுவிடும். வீணாகச் சுற்றும் விசிறி டீசலைத் தின்னும் என்பதை ஓட்டுநருக்குப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைகளில் மூடிய கோழிக்கொட்டகைகளின் பெரிய விசிறிகளும் வெப்பம் ஏற ஏற ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. கணினி இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த ஒன்று.

38 டிகிரியில் என்ன நடக்கும்

பென்டியம் 4 காலத்தில் இன்டெல் செயலியோடு பெட்டியில் வைத்துத் தந்த விசிறியின் நடுவே ஒரு வெப்ப உணரி இருந்தது. உள்ளே வரும் காற்று சுமார் 30 டிகிரி வரை இருந்தால் விசிறி மெதுவாக ஓடும். அதற்கு மேல் படிப்படியாக வேகம் கூடும். சுமார் 38 முதல் 40 டிகிரியை எட்டினால் முழு வேகம். விசிறிக்குள் நுழையும் காற்று அந்த மேல் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அவர்களது நிபந்தனையும்கூட.

இந்த எண்களை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களின் காலையில் அந்த விசிறி மெதுவாக ஓடியிருக்கும். பங்குனி பிறந்த பிறகு, பகல் பொழுதில், அறைக்காற்றே 36 டிகிரி, பெட்டிக்குள் இன்னும் கூடுதல் என்ற நிலையில் அது மெதுவாகும் பேச்சுக்கே இடமில்லை. வேகக் கட்டுப்பாட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கி, ஆண்டில் பாதிக்கு மேல் கட்டுப்பாடில்லாத விசிறியாகவே நாம் பயன்படுத்தினோம். டிடிபி கடைகளிலும் இணையதள மையங்களிலும் பிற்பகலில் கேட்ட அந்த இரைச்சல், பழுதின் அறிகுறி இல்லை. விதித்தபடியே அது வேலை செய்துகொண்டிருந்தது.

தூசு இன்னொரு பக்கம். கோழித்தீவன ஆலை, மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலை, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிப் பஞ்சு, எல்லா இடத்திலும் செம்மண் புழுதி. வேகமாக ஓடும் விசிறி அவ்வளவையும் உள்ளே இழுக்கும். ஓராண்டு கழித்துச் செயலி விசிறியைக் கழற்றினால், கீழேயுள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளியில் கம்பளித் துணி போல ஒரு படலம் இருக்கும். விசிறி முழு வேகத்தில் ஓடும், காற்று மட்டும் போகாது. எனவே வேகத்தைக் குறைத்தால் தூசு குறையும். குறைத்தால் வெப்பம் கூடும். இங்கே விசிறியை நிறுத்தும் ஆசைக்கும் அச்சத்துக்கும் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பழுதுபார்ப்பவர்கள் இதற்குக் கண்ட கைமுறைகள் சில நல்லவை, சில தீமையானவை. விசிறியின் நடுவிலுள்ள ஒட்டுத்தாளைப் பிரித்து ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுவது நல்லது. சில மாதங்கள் கூடுதலாக ஓடும். தேங்காய் எண்ணெய் விடுவது கூடாது. அது நாளடைவில் பிசினாகிவிடும். பஞ்சர் கடைக் காற்றைப் பீய்ச்சித் தூசு தட்டுவோர், விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி கெட்டுவிடும். அந்தக் காற்றில் ஈரமும் கலந்திருக்கும்.

கெட்ட வழக்கம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விசிறி நின்றுபோனால் பல தாய்ப்பலகைகள் கணினியை இயக்கும்போதே 'சி.பி.யூ. ஃபேன் எரர்' என்று திரையில் காட்டி, ஒரு விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடும். இதைத் தொந்தரவாக எண்ணி, பயாஸ் அமைப்பில் விசிறிக் கண்காணிப்பையே 'இக்னோர்' என்று மாற்றிவிடுகிறார்கள். எச்சரிக்கை மறையும், கணினி இயங்கும், முன் சொன்ன காவலால் எரியவும் எரியாது. ஆனால் மெதுவாகிவிடும். 'பழைய கணினி, இனி இதற்கு மேல் ஓடாது' என்று ஓரங்கட்டப்பட்டவற்றில் சில, விசிறியை மாற்றித் தூசு தட்டி, செயலிக்கும் உறிஞ்சிக்கும் இடையே புதுப் பசை தடவினால் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது கணினிகள் உள்ள அறையில் இது சிறிய செய்தி இல்லை. ஓரங்கட்டிய ஒவ்வொரு கணினிக்கும் பின்னால் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இன்றைய நிலை

நின்று நின்று ஓடும் விசிறி 2014-ஐ ஒட்டி வரைகலை அட்டைகளில் பரவலானது. எம்எஸ்ஐ, ஆசுஸ் போன்ற நிறுவனங்கள், வேலை குறைவாக உள்ளபோது விசிறி முற்றிலும் நின்றுவிடும் அட்டைகளை வெளியிட்டன. அதைப் புதிதாக வாங்கியவர்களில் பலர் விசிறி சுற்றவில்லை, பழுது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோனதும் உண்டு. இப்போது சில மின்வழங்கிகளும் அப்படியே செய்கின்றன.

தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பில் இன்று வெப்பத்துக்கும் வேகத்துக்கும் ஒரு வளைகோடு வரைந்து கொடுக்கலாம். இந்த வெப்பத்தில் இந்த வேகம் என்று நான்கைந்து புள்ளிகளை வைத்தால் போதும். லினக்சில் ஃபேன்கண்ட்ரோல் என்ற நிரல் அதே வேலையைச் செய்யும். நம் பகுதிக்கு அந்த வளைகோட்டை வரையும்போது கவனிக்க வேண்டியவை குளிர்நாட்டு வழிகாட்டிகளில் இருப்பதில்லை. '40 டிகிரிக்குக் கீழே விசிறியை நிறுத்து' என்ற அமைப்பு அங்கே கணினி சும்மா இருக்கும்போதெல்லாம் செயல்படும். இங்கே கோடையில் ஒருபோதும் செயல்படாது. அதற்காக நிறுத்தும் எல்லையை 60-க்கு உயர்த்துவதைவிட, செயலி விசிறியை நிறுத்தாமல் குறைந்த வேகத்தில் ஓடவிடுவதே மேல். பெட்டி விசிறியை நிறுத்தினால் பெட்டிக்குள் காற்று சூடேறி, செயலி விசிறிதான் கூடுதலாக ஓடும். நிறுத்தும் வெப்பத்துக்கும் மீண்டும் ஓடும் வெப்பத்துக்கும் இடையே ஐந்தாறு டிகிரி இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் விசிறி ஓடுவதும் நிற்பதுமாக முனகிக்கொண்டே இருக்கும். ஒரே சீரான இரைச்சலைவிட அது எரிச்சலூட்டும். மின்வழங்கியின் விசிறியில் மட்டும் கைவைக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

விசிறியே இல்லாத கணினிகளும் மீண்டும் வந்துள்ளன. தைவானின் வியா நிறுவனம் 2001-ஐ ஒட்டி விசிறி வேண்டாத செயலிகளைச் சிறிய தாய்ப்பலகைகளில் தந்தது. சென்னையைச் சேர்ந்த நோவாட்டியம் நிறுவனம், 2000-களின் நடுப்பகுதியில், கைப்பேசியில் உள்ளது போன்ற குறைந்த மின்திறன் சில்லை வைத்து, மலிவான 'நெட்பிசி' என்ற கருவியை உருவாக்கியது. அதைத் தொடங்கியவர்களில் கோர்டெக்ட் செய்த அசோக் ஜுன்ஜுன்வாலாவும் ஒருவர். கணக்கீடு தொலைவிலுள்ள வழங்கியில் நடக்கும், வெப்பமும் அங்கேயே. 2012-இல் வந்த ராசுபெரி பை என்ற சிற்றட்டைக் கணினிக்கு விசிறி தேவைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் வேகமாக, 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விசிறிக்கென்றே ஒரு பொருத்தி வைத்துவிட்டார்கள். அதன் இயல்பான அமைப்பில் செயலி 50 டிகிரியை எட்டியதும் விசிறி ஓடத் தொடங்கும். சித்திரை வெயிலில் நம் பக்கத்து அறையில் அந்த 50-ஐ எட்ட அதற்கு அதிக நேரம் ஆகாது.

கணினி விசிறியிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெட்டிக்குள் சுழலும் அந்தச் சிறு விசிறியில் கரித்துண்டுகள் இல்லாத நேர்மின் மோட்டார் இருக்கிறது. சுழலும் காந்தத்தின் நிலையை ஒரு சிறு உணரி அறிந்து சொல்ல, மின்னணுச் சுற்று கம்பிச்சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி விடுகிறது. கூரை மின்விசிறிகளில் பழைய தூண்டல் மோட்டாருக்குப் பதிலாக இதே வகை மோட்டார் வந்தபோது பிஎல்டிசி என்ற பெயர் விளம்பரங்களில் இடம்பிடித்தது. இந்தியாவில் அத்தகைய கூரை விசிறியை முன்னோடியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம். 2012-இல் 'சூப்பர்ஃபேன்' என்ற பெயரில். வழக்கமான விசிறி 75 வாட் அளவில் உண்ணும் இடத்தில் இது முழு வேகத்தில் சுமார் 35 வாட் உண்ணும். தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டு அது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஒரு விசிறி ஓடிய நேரத்தில் இரண்டு விசிறிகள் ஓடின. சென்னை ஐஐடியில் வடிவமைத்த, 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் சூரிய மின் வீட்டு அமைப்பிலும் இவ்வகை விசிறிகளே பொருத்தப்பட்டன. ரெகுலேட்டரின் இடத்தைத் தொலையியக்கி பிடித்துக்கொண்டது.